தட்டினால் இசைக்கும் எழுத்து

டைப்படோன் செயலியில் ஓர் எழுத்தைத் தட்டினால், அது திரையில் தோன்றும்போதே ஒரு சின்ன ஒலியாகவும் பிறக்கிறது. ஜோனோ பிராண்டெல் இதை உருவாக்கியது ஜப்பானின் நகோயா நகரத்து இசை இணையரான லல்லடோனுடன் சேர்ந்து. பொம்மைப் பியானோ, சிறுமணி போன்ற மெல்லிய நாதங்களில் தேர்ந்தவர்கள் அவர்கள். அந்தக் குழந்தைமை இதிலும் கேட்கிறது. எந்த எழுத்தையடுத்து எது வந்தாலும் காதை உறுத்துவதில்லை; அப்படி அமைப்பதற்கு நல்ல செவி வேண்டும்.

ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் ஒலி என்பதால் சொல்லின் எழுத்துக்கூட்டலே மெட்டாகிறது. வாழைப்பழத்தைக் குறிக்கும் ‘பனானா’ என்ற ஆங்கிலச் சொல்லில் ஆறு தட்டல்கள், மூன்றே ஒலிகள்: ‘பி’ தொடங்கிவைக்க, ‘ஏ’யும் ‘என்’னும் மாறி மாறி ஊஞ்சலாடுகின்றன. ஆங்கிலத்தில் மிகுதியாகப் புழங்கும் ‘ஈ’, எந்தப் பத்தியிலும் அடிக்கடி வந்து தொட்டுப்போகும் சுரமாகிவிடுகிறது. தாளத்தைத் தருவது விரல்தான். அவசரமாக அடித்தால் எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் ஒலிகள் சிதறும். சொல் கிடைக்காமல் விரல் தயங்கினால் அந்தத் தயக்கமும் ஒரு மௌனமாக இசைக்குள் வந்துவிடும். இழவுச் செய்திக்கும் காதல் கடிதத்துக்கும் இடையே செயலிக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் எழுதுகிறவர் எங்கே நின்றார், எங்கே ஓடினார் என்பது ஒவ்வொரு தட்டலிலும் கேட்கும்.