கூட்டிப் போக எவ்வளவு சம்பளம் வேண்டும்?

ஒரு கல்யாணச் சான்றிதழ் எவ்வளவு அலைந்திருக்கிறது என்று அதைப் புரட்டிப் பார்த்தால்தான் தெரியும். முன்பக்கம் இரண்டு பெயர்கள். பின்பக்கம் முழுக்க மாநில அரசின் சீல், வெளியுறவு அமைச்சகத்தின் ஸ்டிக்கர், தூதரகத்தின் முத்திரை. சான்றிதழை ஒரே முத்திரையில் ஏற்றுக்கொள்ளும் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இந்தியா 2005இலேயே சேர்ந்துவிட்டது. அமீரகம் சேரவில்லை. ஆகவே துபாய்க்கு மனைவியைக் கூட்டிப் போகிறவர் இந்தப் படிகளை எல்லாம் ஏறியாக வேண்டும்.

கேரளத்தின் தென்கோடியில் காட்டாக்கடை, பாறசாலைப் பக்கத்துக்காரருக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல். 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் அந்த எல்லைக் கோட்டைப் பார்த்து நிற்கவில்லை. கிறிஸ்தவக் கல்யாணம் பையன் வீட்டுச் சபையில் நடந்திருந்தால் பதிவு கேரளத்தில்; சீல் வாங்க திருவனந்தபுரம் போதும், காலையில் பஸ் ஏறி மாலையில் திரும்பிவிடலாம். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், பெண் வீட்டுச் சபையில் நடந்திருந்தால் 2009ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டப்படி பதிவு. மாநில சீல் சென்னையிலிருந்து வர வேண்டும். இரண்டு சபைக்கும் இடையே ஆட்டோவில் போகிற தூரம்தான் இருக்கும். போதாததற்குப் பெயர்த் தகராறு வேறு: பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து நிற்கும், சபைப் பதிவேட்டில் வெறும் இனிஷியல். இதையெல்லாம் ஏஜென்ட் காசு வாங்கிக்கொண்டு முடித்துத் தருவார். காகிதத் தொல்லைக்குக் காசு போதும். நான் எடைபோட வந்தது அதற்கு அடுத்த படியை: சம்பள வரம்பு.

அமீரகத்தில் ஒரு காலம் வரை விசாவில் எழுதியிருக்கும் தொழில்தான் தீர்மானித்தது. கை நிறையச் சம்பாதித்தாலும் தொழில் பட்டியலில் இல்லையென்றால் குடும்பம் ஊரில்தான். 2019இல் அதை மாற்றி வருமானத்தை அளவுகோலாக்கினார்கள்: 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும். குவைத் 2024 ஜனவரியில் குடும்ப விசாவைத் திரும்பத் திறந்தபோது 800 தினார் சம்பளமும் பட்டப்படிப்பும் கேட்டது. சவுதி வேறு வழி பிடித்தது. 2017 ஜூலையில் ஒரு தலைக்கு மாதம் 100 ரியால் என்று தொடங்கிய வரி, ஆண்டுக்கு நூறாக ஏறி 2020இல் 400 ஆனது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றால் ஆண்டுக்கு 14,400 ரியால். மனைவி அருகில் இருப்பதற்கு வாடகை என்றே இதைச் சொல்ல வேண்டும்.

அரசுகள் சொல்லும் நியாயத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. பெட் ஸ்பேஸில் எட்டுப் பேரோடு படுக்கிறவர், பெண்டாட்டி பிள்ளையை எங்கே வைப்பார்? ஊரில் இருப்பதும் வெறும் இழப்பு அல்ல. லீலா குலாத்தி கேரளக் குடும்பங்களைப் பார்த்து எழுதிய ஆய்வு (1993இல் நூலாக வந்தது) காட்டுவது இதைத்தான்: கணவன் போன பிறகு பேங்குக்குப் போகவும் கடனை அடைக்கவும் வீட்டுக் காரியங்களைத் தானே முடிவுசெய்யவும் பெண்கள் பழகினார்கள். அந்தப் பெண்ணை ஷார்ஜாவில் ஒற்றை அறைக்குள் கொண்டு வைப்பது முன்னேற்றம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன். ஆனால் போவதா இருப்பதா என்பதை அவள் தீர்மானித்தால்தான் இந்த வாதம் நிற்கும். சம்பளச் சீட்டு தீர்மானிக்கும்போது அது நிற்காது.

இப்போது முதலில் போகிறவள் பெண்ணாகவும் இருக்கிறாள். ஒரு வீட்டில் அக்கா நர்ஸ், தங்கை கேரர் (பராமரிப்புப் பணியாளர்), இருவரும் இங்கிலாந்தில் என்று வைத்துக்கொள்வோம். அக்காவின் கணவர் கூடப் போகலாம், அங்கே வேலையும் பார்க்கலாம். 2024 மார்ச் 11க்குப் பிறகு விண்ணப்பித்துப் போன தங்கையின் கணவர் போக முடியாது. குடும்பம் தேவையா என்பதை அந்த விதி கேட்கவில்லை. தங்கையின் வேலைக்கு என்ன மதிப்பு என்று மட்டும் கேட்டது. அங்கேயே நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவர் துணையை அழைக்கவும் வரம்பு உண்டு: 2012இல் 18,600 பவுண்டு, 2024 ஏப்ரலில் 29,000. வரம்பு வைப்பது சட்டப்படி சரிதான், ஆனால் குழந்தைகளின் நலனை விதிகள் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை என்று 2017இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே சொன்னது.

வரம்புத் தொகையை மட்டும் பார்த்தால் துபாய் தாராளம், லண்டன் கஞ்சம். எனக்கு அந்த அளவுகோல் போதவில்லை. உள்ளே போன பிறகு துணைக்குச் சொந்தக் கால் உண்டா என்பதே என் கேள்வி. லண்டன் வாசலிலேயே கசக்கிப் பிழிகிறது. ஆனால் துணை விசாவில் போனவர் வேலை பார்க்கலாம், ஐந்தாண்டு கழித்துத் தன் பெயரிலேயே நிரந்தர உரிமை கேட்கலாம். வளைகுடாவில் வேலைக்குப் போனவரின் துணைக்கு நிரந்தர உரிமை கேட்கும் கதவே இல்லை. கணவனின் வேலை போனால் மனைவியின் விசாவும் பின்னாலேயே போகும். விதவைக்கும் மணவிலக்கு பெற்றவளுக்கும் ஓராண்டு தங்க அமீரகம் 2018இல் இடம் கொடுத்தது நல்ல காரியம். அதற்கு முன் அந்தப் பெண்களின் கதி என்ன என்பதும் அதிலேயே தெரிந்துவிடுகிறது. ஆக, வாசலில் அமீரகம் மேல்; வீட்டுக்குள் இங்கிலாந்து மேல், தங்கைகளின் கணவர்களை வெளியே நிறுத்தியது போக. சவுதியின் தலைவரி எந்தக் கணக்கிலும் தேறாது.

வெள்ளறடையிலும் பனச்சமூட்டிலும் மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் இன்னும் "பேமிலி ஸ்டேட்டஸ் உண்டா?" (குடும்பத்தைக் கூட்டிப் போகும் தகுதி உண்டா) என்றுதான் கேட்கிறார்கள். பையன் வேலை போனால் எங்கள் பெண் அங்கே எத்தனை நாள் இருக்கலாம் என்று ஒரு தகப்பன் கேட்டு நான் இதுவரை கேட்டதில்லை.