செம்பும் பாட்டிலும்

அம்பத்தூர் வீட்டுச் சமையலறைப் பலகையில் எவர்சில்வர் தூக்கு, பித்தளைச் செம்பு, காலி ஹார்லிக்ஸ் பாட்டில் ஒட்டி நிற்கும். காலை வெயில் செம்பின் கழுத்தைத் தொடும்போதெல்லாம் எனக்கு மொராண்டி ஞாபகம்தான்.

இத்தாலியின் பொலோன்யாவில் 1890இல் பிறந்தவர் ஜார்ஜியோ மொராண்டி. ஓவியத்தைக் கல்லூரியில் படித்தார். செப்புத்தகட்டில் கோடு கீறி அச்செடுக்கும் கலையை மட்டும் ரெம்பிராண்ட் பற்றிய புத்தகங்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டார். 1964இல் மறையும்வரை, பெரும்பாலும் அதே பாட்டில்கள், ஜாடிகள், டப்பாக்களையே திரும்பத் திரும்ப வரைந்தார். நாம் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பை வரவழைக்கிறோம். அவரோ பாட்டில்மேல் பெயின்ட் பூசிப் பளபளப்பை அடக்கினார். மினுக்கம் போனால்தான் உருவம் பேசுமாம்!

இவ்வகை ஓவியத்துக்கு இத்தாலியில் ‘இறந்த இயற்கை’ என்று பெயர். எனக்கு அதில் சம்மதமில்லை. செம்புக்கும் பாட்டிலுக்கும் நடுவே ஒரு விரற்கடை நிழல், வெயிலோடு மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது.