காது முளைக்காத சிற்றிதழ்

சினிமாவுக்கு வெளியே தமிழில் இசை என்று ஒன்று உண்டாகியே நாலைந்து வருடம்தான் ஆகிறது என்றொரு பேச்சு இப்போது பரவலாகக் கேட்கிறது. 2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி' வந்தது, அதற்குப் பிறகுதான் 'இண்டி' என்ற சொல்லே கல்லூரி வளாகங்களுக்குள் நுழைந்தது என்கிறார்கள். இந்தப் பேச்சுக்கு ஒரு வாலும் உண்டு: பாட்டைக் கேட்டால் போதும், அதைப் பற்றி எழுதுவானேன், அடுத்து எதைக் கேட்பது என்பதை யூடியூபே எடுத்துக் கொடுத்துவிடுகிறதே! முதலாவது அறியாமை, மன்னித்துவிடலாம். இரண்டாவது சோம்பல்.

இந்த இரண்டும் சேர்ந்து என்ன செய்கின்றன என்று பார்க்க மேனாம்பேடு வரை போகலாம். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் கொரட்டூருக்கும் நடுவில் இருக்கிறது. பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கினால் நடந்துவிடலாம். அங்கே நாலு கல்லூரி மாணவர்கள் கூடி மாற்று இசைக்கென்று ஓர் இதழ் கொண்டுவர முடிவெடுத்தால், முதல் கூட்டத்தில் போடப்படும் கட்டுரைப் பட்டியல் எப்படி இருக்கும்? ஊகிப்பது கடினமில்லை. ஒரு ராப் பாடகரின் பேட்டி. சென்ற ஆண்டின் சிறந்த பத்து ஆல்பங்கள். பிங்க் ஃப்ளாய்டை இன்றும் ஏன் கேட்க வேண்டும். நுங்கம்பாக்கத்தில் நடந்த ஒரு கச்சேரியின் விமர்சனம். மேனாம்பேடு என்ற ஊர் அந்த இதழில் தொடர்பு முகவரியாக மட்டும் அச்சாகும்.

பட்டியலைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. தமிழில் இசையைப் பற்றி எழுதியவர்கள் விட்டுச்சென்ற பள்ளம் அது.

தொடக்கத்தில் அப்படியொரு பள்ளம் இருக்கவில்லை. சென்னை குஜிலிக் கடைத்தெருவில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற பாட்டுப் புத்தகங்கள் கொலை, வெள்ளம், ரயில் விபத்து, கள்ளுக்கடை என எதையும் சிந்தாகவும் கும்மியாகவும் பாடின. மட்டமான தாள், மட்டமான அச்சு, அன்றைய செய்தி, பாடத் தோதான மெட்டு. இன்று மேலைநாட்டார் 'ஸீன்' என்று கொண்டாடும் கைப்பிரசுரத்தின் லட்சணங்கள் எல்லாம் அவற்றில் உண்டு. ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கிய'த்தில் அவற்றைத் தொகுத்து ஆராய்ந்திருக்காவிட்டால் அந்த வம்சாவளியும் நமக்குத் தெரிந்திருக்காது. பிறகு சினிமாப் பாட்டுப் புத்தகம் வந்தது. பாதிக் கதையைச் சொல்லி, மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லி அனுப்பிவிட்டது.

விமர்சனம் என்ற பெயரில் நடந்தது வேறு தெருவில். ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற பெயரில் கல்கி எழுதிய 'ஆடல் பாடல்' பத்தி இன்றும் படிக்கச் சுவையானது. சுப்புடுவின் குத்தல் இன்னும் சுவை. 1943இல் தமிழ் இசைச் சங்கம் உருவானபோது எந்த மொழியில் பாடுவது என்று பெரும் போர் நடந்தது. யார் பாடுவது, யார் கேட்பது என்ற கேள்வி சபா வாசலோடு நின்றுவிட்டது. 1983இல் சென்னையிலிருந்து வரத் தொடங்கிய 'ஸ்ருதி' ஒழுங்கான, மரியாதையான இதழ். ஆங்கில இதழ்.

சிற்றிதழ்களாவது வேறு வழியில் போயிருக்கலாம். 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' முதல் 'கசடதபற' வழியாகக் 'காலச்சுவடு' வரை, புதுக்கவிதைக்கு இடம் இருந்தது, நவீன ஓவியத்துக்கு அட்டை இருந்தது, கூத்துப்பட்டறைக்குப் பக்கம் இருந்தது, பெர்க்மனுக்கும் சத்யஜித் ராய்க்கும்கூட இடம் இருந்தது. காது மட்டும் முளைக்கவில்லை. விதிவிலக்குகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்: இளையராஜாவின் இசையைத் தத்துவ நோக்கில் அணுகிய பிரேம்-ரமேஷ், அரபு, லத்தீன் அமெரிக்க இசையைத் தமிழ் வாசகன் காதில் போட்ட சாரு நிவேதிதா, உயிர்மை வழியாகத் தெரிய வந்த ஷாஜி, திரையிசை வரலாற்றைப் பொறுமையாகத் திரட்டிய வாமனன். இவர்களில் பெரும்பாலோர் சினிமாவைப் பற்றியே எழுதினார்கள், ஒருவரின் காது கடல் கடந்து போய்விட்டது. அம்பத்தூர் வண்டியைப் பிடித்தவர் எவருமில்லை.

இத்தனைக்கும் சினிமாவுக்கு வெளியே தமிழ்ப் பாட்டு எந்தக் காலத்திலும் ஓய்ந்ததில்லை. 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகத் தேயிலைத் தோட்டங்களில் பாடித் திரிந்த பாவலர் வரதராஜன், இளையராஜாவின் அண்ணன் என்ற அடைமொழியோடுதான் இன்று நினைக்கப்படுகிறார். இலங்கையில் நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே'யும் ஏ.இ. மனோகரன் 'சுராங்கனி'யும் பாடி பொப்பிசை என்று ஒரு வகையையே நிறுவினார்கள். தமிழ்நாடு அந்தப் பாடல்களைக் கல்யாண வீடுகளில் பாடித் தீர்த்தது. அவை எங்கிருந்து வந்தன என்று நம் இதழ்கள் கேட்கவில்லை.

உண்மையான மாற்று இசையின் பொற்காலம் கேசட்டின் காலம். எண்பதுகளில் டேப் ரிக்கார்டர் வீட்டுக்கு வீடு வந்தபோது, பாட்டைப் பதிவுசெய்து விற்கும் அதிகாரம் முதல்முறையாக இசைத்தட்டுக் கம்பெனியின் கையை விட்டு நழுவியது. வட இந்தியாவில் இது எதையெல்லாம் புரட்டிப்போட்டது என்று பீட்டர் மானுவல் 1993இல் 'கேசட் கல்ச்சர்' என்று ஒரு புத்தகமே எழுதினார். தமிழில் என்னவெல்லாம் நடந்தது! எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்கள் ஆடி மாதத்தையே தங்கள் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டன. ஐயப்பன் பாடல்களோடு கே. வீரமணி கார்த்திகையை எடுத்துக்கொண்டார். நாகூர் ஹனிபாவின் ஒரே குரல் தர்காவிலும் தி.மு.க. மேடையிலும் முழங்கியது. தந்தை பெர்க்மான்ஸின் 'ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்' தொகுதி தொகுதியாக வந்து சபை, பிரிவு வேறுபாடு பாராமல் ஒலித்தன. ஆள், பணம், கேட்பவர் எண்ணிக்கை என எந்த அளவுகோலை எடுத்தாலும் சினிமாவுக்கு ஈடாக நின்ற தமிழ் இசை இதுதான். பக்திப் பாட்டு என்பதால் முற்போக்கு விமர்சகன் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்பீக்கர் கட்டிப் போடுவது என்பதால் சபா விமர்சகன் காதைப் பொத்திக்கொண்டான்.

அதே கேசட்தான் கே.ஏ. குணசேகரனையும் ஊர் ஊராகக் கொண்டுபோனது. இளையான்குடிப் பக்கத்து மாரந்தையில் 1955இல் பிறந்தவர். நாட்டுப்புறப் பாட்டை ஆய்வேட்டில் அடக்கிவைத்துவிடாமல் மேடையில் அடிவயிற்றிலிருந்து பாடியவர். இன்குலாபின் 'மனுசங்கடா' அவர் குரலில்தான் சேரிகளுக்கும் கல்லூரி விடுதிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. தன்னானே கலைக்குழுவை நடத்தினார், 'பலியாடுகள்' நாடகம் எழுதினார், 'வடு' என்ற தன்வரலாற்றில் மேடைக்கு வருவதற்கு முந்திய சிறுவனைக் காட்டினார். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தில் இயக்குநர் என்ற பதவிகளெல்லாம் இருந்தன. 2016 ஜனவரியில் அவர் இறந்தபோது அஞ்சலிகள் நாட்டுப்புறவியல் அறிஞரைப் பேசின, தலித் எழுத்தாளரைப் பேசின. பாடகரைப் பேசியவை குறைவு. மூச்சை எங்கே நிறுத்துவார், தப்பின் அடிக்கு முன்னால் சொல்லை விடுவாரா பின்னால் விடுவாரா, கூட்டத்தைப் பொறுத்து மெட்டை எப்படி இழுப்பார் என்று ஒரு பாடகரைப் பற்றிக் கேட்கவேண்டிய கேள்விகளை அவரிடம் கேட்கும் இதழ் நம்மிடம் இருக்கவில்லை.

அதற்குப் பின் வந்த கட்டத்தை எல்லோரும் அறிவார்கள், வேகமாகக் கடக்கலாம். மலேசியாவிலிருந்து யோகி பி-நட்சத்ராவின் 'வல்லவன்' 2006இல் வந்தது. 2012இல் ஹிப்ஹாப் தமிழாவின் முதல் ஆல்பம். கையோடு சினிமா அவர்களை விழுங்கிக்கொண்டது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் பா. ரஞ்சித்தும் தென்மாவும் மேடையேற்றிய காஸ்ட்லெஸ் கலெக்டிவ், கானாவையும் ராப்பையும் ராக்கையும் ஒரே மேடையில் கட்டியது. இந்த வரிசையில் இசை விமர்சனம் செய்த காரியம் என்னவென்று தேடினால் 2021 ஆகஸ்ட் மட்டும் கண்ணில் படுகிறது. ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். 'என்ஜாய் எஞ்சாமி'யின் வரிகளை எழுதிப் பாடிய அறிவு இல்லை. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பிறகு அறிவுக்கென்று இணையத்தில் தனி அட்டை வந்தது. அன்று சண்டை போட்டவர்கள் அறிவின் பக்கம் நின்றது சரி. ஆனால் பம்பாயிலிருந்து வரும் ஓர் ஆங்கில இதழின் அட்டையில் இடம் கேட்டு மல்லுக்கட்ட வேண்டிவந்ததே, அது ஏன்? தனக்கென்று ஒரு முகப்பட்டை தமிழ்ப் பாட்டுக்கு அன்று இருக்கவில்லை.

இதழ் நடத்தப் பெரிய ஊர் வேண்டும், பெரிய கை வேண்டும் என்பதும் கட்டுக்கதை. ராக் இசையைப் பொருட்படுத்தி எழுதிய முதல் அமெரிக்க இதழான 'க்ராடாடி'யை 1966 பிப்ரவரியில் தொடங்கிய பால் வில்லியம்ஸுக்கு வயது 17. ஸ்வார்த்மோர் கல்லூரி மாணவர். உருட்டச்சில் 500 பிரதி ஓட்டினார். லண்டனில் 'ஸ்னிஃபின் க்ளூ'வை 1976 ஜூலையில் தொடங்கிய மார்க் பெர்ரி ஒரு வங்கிக் குமாஸ்தா. தட்டச்சில் அடித்தது, தலைப்புகள் தடித்த பேனாவால் எழுதியது. ஒரே வருடத்தில் மூடினார், அதற்குள் பங்க் இசைக்கு ஒரு மொழி கிடைத்திருந்தது. இந்தியாவிலேயே உதாரணம் உண்டு. 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்' 1993இல் பிறந்தது பம்பாயில் அல்ல, பெங்களூரிலும் அல்ல: அலகாபாத்தில். அமித் சைகல் ராக் கச்சேரிகளுக்குப் பேர்போகாத ஊரில் உட்கார்ந்துகொண்டு நாடு முழுவதும் இருந்த கல்லூரி இசைக்குழுக்களை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தினார். அலகாபாத்தில் முடிந்தது அம்பத்தூரில் ஏன் முடியாது? கையெழுத்துப் பத்திரிகையும் இன்லண்ட் பத்திரிகையும் நடத்திப் பழகிய மொழி இது. நாலு ஏ4 தாளை இருபுறமும் ஜெராக்ஸ் எடுத்து நடுவில் மடித்து ஸ்டேப்லர் அடித்தால் பதினாறு பக்கம்.

அந்தப் பதினாறு பக்கத்தில் என்ன போடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மாணவர்கள் தினமும் ஏறும் மின்சார ரயிலிலேயே ஒரு கட்டுரை இருக்கிறது. ரூட்டு கானா என்று ஒன்று உண்டு. எந்தப் பேருந்துத் தடம், எந்த ரயில் வழி என்று குழுவாகப் பிரிந்து கல்லூரி மாணவர்கள் தங்கள் ரூட்டைப் புகழ்ந்து தாங்களே கட்டிப் பாடுவது. தாளத்துக்குப் பெட்டியின் தகரச் சுவர். மாணவர்களே உண்டாக்கிய மாற்று இசை என்று சென்னையில் எதையாவது சொல்லலாம் என்றால் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். நாளிதழில் அது 'ரூட்டு தல' கைது என்ற செய்தியாக மட்டுமே வருகிறது. அடிதடி உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பாட்டுகளின் மெட்டு எங்கிருந்து வருகிறது, மரண கானாவிலிருந்து எதை எடுத்தார்கள், சினிமா கானாவிலிருந்து எதை, ஒரு செட் படித்து முடித்துப் போனபின் பாட்டு யாரிடம் தங்குகிறது என்று யாராவது உட்கார்ந்து எழுதியாக வேண்டும். ரயில்வே போலீஸ் எழுதப் போவதில்லை.

அதே ரயிலில் கையடக்க ஸ்பீக்கரில் கரோக்கி ஓடவிட்டுப் பாடிவரும் பார்வையற்ற பாடகர்களும் இருக்கிறார்கள். காலை வண்டிக்கு என்ன பாட்டு, மாலை வண்டிக்கு என்ன பாட்டு என்பதில் அவர்களுக்கு இருக்கும் கணக்கு எந்த எஃப்.எம். நிலையத்துக்கும் இருக்காது. அவர்களுக்கு ஒரு பேட்டி. ராப் பாடகரின் பேட்டி அடுத்த இதழுக்குப் போகட்டும்.

தொழிற்பேட்டை இன்னொரு கட்டுரை. அறுபதுகளில் அது உருவானபோது ஷிப்ட் முடிந்து திரும்பியவர்கள் கேட்டது இலங்கை வானொலி. இன்று சுற்றுப்பட்ட வாடகை அறைகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறார்கள். இரவு ஒன்பது மணிக்குமேல் போஜ்பூரிப் பாட்டும் ஒடியாப் பாட்டும் செல்போன் ஸ்பீக்கரில் கேட்கின்றன. ஆவடியில் அறுபதுகளிலிருந்து இயங்கும் கனரக வாகனத் தொழிற்சாலையின் குடியிருப்புகளுக்கு வேலைக்காகப் பல மாநிலத்தவர் வந்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் கூடவே ஒரு பாட்டையும் கொண்டுவந்திருப்பார்கள். உலக இசையைத் தேடிச் செனகல் வரை போகிற எழுத்தாளர் அடுத்த சந்துவரை போகலாம்.

சர்ச்சில் கீபோர்டு வாசிக்கும் பையன், சாவுக்கும் கல்யாணத்துக்கும் ஒரே சீருடையில் வரும் பேண்டு செட், மெல்லிசைக் குழுக்களில் ரிதம் பேடு வந்ததும் வேலையிழந்த தபலாக்காரர், வெற்றுக் கேசட்டும் பாட்டுப் பட்டியலும் வாங்கிக்கொண்டு மறுநாள் பதிந்து கொடுத்த ரெக்கார்டிங் சென்டர்காரர் என்று பட்டியல் நீளும். இந்தக் கட்டுரைகளில் இரண்டையாவது செய்துவிட்டுத்தான் சிறந்த பத்து ஆல்பங்களுக்குப் போக வேண்டும் என்று இதழ்க்குழு ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலப் பாட்டு கேட்பதில் தவறில்லை. அதைப் பற்றி எழுத லண்டனில் ஆள் இருக்கிறது.

முதல் இதழின் முதல் கட்டுரை சவுண்ட் சர்வீஸ்காரரைப் பற்றி இருக்கட்டும். திருவேற்காடு கருமாரியம்மன் கோயில் பக்கத்திலேயே இருக்க, எல்.ஆர். ஈஸ்வரியின் குரலைக் குழாய் ஸ்பீக்கரில் கட்டிப் பரப்பியவரைவிடச் சென்னை மேற்கின் காதை அறிந்தவர் வேறு யாருமில்லை. எந்தத் தெருவில் எந்தப் பாட்டை முதலில் போட வேண்டும், எதற்குக் கூட்டம் கூடும், எதற்குச் சண்டை வரும், குழாய் போய் பாக்ஸ் வந்தபோது எந்தக் குரல் அடிபட்டது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆடி ஜூலை நடுவில் பிறக்கிறது. மாணவர்கள் ஜூன் மாதத்திலேயே போய் அவரைப் பார்த்துவிடுவது நல்லது. ஆடி பிறந்துவிட்டால் அவருக்குப் பேச நேரம் இருக்காது.