18 செகண்ட்

2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவில் பெண்கள் டி20 உலகக் கோப்பை நடந்தது. சொந்த ஊர், சொந்த ஜனம். ஆனால் அந்த அணியின் வழக்கமான கேப்டன் டேன் வான் நீகெர்க் டீமில் இல்லை. ஃபிட்னெஸ் டெஸ்ட்டில் 2 கிலோமீட்டரை 9 நிமிடம் 30 செகண்டுக்குள் ஓட வேண்டும். இவர் 18 செகண்ட் லேட்!

ஆசாமி லேசுப்பட்டவர் இல்லை. 2017 உலகக் கோப்பையில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 3.2 ஓவர் வீசி, ஒரு ரன்கூடக் கொடுக்காமல் 4 விக்கெட் எடுத்த லெக் ஸ்பின்னர். 2022 ஜனவரியில் வீட்டில் வழுக்கி விழுந்து, கணுக்கால் முறிந்து, அதிலிருந்து மீண்டு வந்துகொண்டிருந்தவர்.

ஒரு சின்னக் கணக்கு. கிரீஸுக்கு கிரீஸ் சுமார் 17.7 மீட்டர். 2 கிலோமீட்டர் என்றால் 113 ரன். எந்த மேட்ச்சில் யார் நிற்காமல் 113 ரன் ஓடுகிறார்கள்? கிரிக்கெட் ஓட்டம் என்பது விருட்டென்று பாய்வது, நிற்பது, மறுபடி பாய்வது. இதற்குக் கொஞ்சம் நெருக்கமானது, டென்மார்க்கின் யென்ஸ் பாங்ஸ்போ உருவாக்கிய யோ-யோ டெஸ்ட். 20 மீட்டர் ஓடித் திரும்பி வா, 10 செகண்ட் இளைப்பாறு, மறுபடி ஓடு. போகப் போக வேகத்தைக் கூட்டுவார்கள்.

லிசெல் லீயின் கதை இன்னும் வேடிக்கை. 2021-ன் சிறந்த ஒருநாள் வீராங்கனை என்று ஐ.சி.சி. விருது கொடுத்தது. 2022 ஜூலையில் ஓய்வு பெற்றுவிட்டார். டெஸ்ட்டின் மற்ற பகுதிகளில் தேறியும் எடை விஷயத்தில் தேறவில்லை என்று பிறகு அவரே சொன்னார். அடித்த ரன்னை விட்டுவிட்டு ஆளை நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

டெஸ்ட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. பெண்கள் கிரிக்கெட்டுக்குக் காசு வர ஆரம்பித்ததே சமீபத்தில்தான். சம்பளத்தோடு ஸ்டாப் வாட்ச்சும் வரும், வரட்டும். மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிற ஃபீல்டரை யார் பார்ப்பார்கள்? ஆனால் டெஸ்ட் என்பது பயிற்சியாளருக்கு எங்கே குறை என்று காட்டுகிற வேலைக்காரன். அதையே தேர்வுக்குழுத் தலைவராக்கினால் வம்புதான். ஓப்பனருக்கும் ஸ்பின்னருக்கும் எலும்பு முறிந்து எழுந்தவருக்கும் ஒரே 9:30. யோசிக்கிற சிரமம் மிச்சம்.

வான் நீகெர்க் இல்லாமலே அந்த அணி அரை இறுதியில் இங்கிலாந்தை 6 ரன்னில் ஜெயித்து, இறுதிப் போட்டிக்குப் போனது. ஆண், பெண் இரண்டிலும் உலகக் கோப்பை ஃபைனலைத் தொட்ட முதல் தென்னாப்பிரிக்க சீனியர் அணி. 'பார்த்தீர்களா!' என்று வாரியம் சொல்லலாம். ஃபைனலில் ஆஸ்திரேலியாவிடம் 19 ரன்னில் தோற்றதைக் காட்டி, 'அவர் இருந்திருந்தால்!' என்று மற்றவர்கள் சொல்லலாம். ரெண்டுமே ஜோசியம். அந்த 18 செகண்ட் சரியா தப்பா என்பதற்கு ஸ்கோர்கார்டில் பதில் கிடையாது.

2023 மார்ச்சில் வான் நீகெர்க் ஓய்வை அறிவித்தார். டெஸ்ட்டில் தவறினாலே நீக்கம் என்ற விதியை வாரியம் பின்னர் தளர்த்தி, முடிவைப் பயிற்சியாளரிடம் விட்டது. 2025 ஆகஸ்டில் அவரும் ஓய்வை ரத்து செய்துவிட்டுத் திரும்பி வந்தார். நடுவில் போன இரண்டரை வருஷத்தை யார் கணக்கில் எழுதுவது?