கணினியின் மலாயும் லங்காபுரியின் மலாயும்

இலங்கை மலாயரின் மொழியை இணையம் வாழவைக்கும் என்ற பேச்சு நமது இலக்கியக் கூட்டங்களிலும் கேட்கத் தொடங்கியிருக்கிறது. எந்த மலாயை என்று யாரும் கேட்பதில்லை.

1848இல் மாத்தளைக் கிளர்ச்சியை அடக்க வந்த இலங்கை ரைபிள் படைப்பிரிவில் மலாய்ச் சிப்பாய்கள் இருந்தனர். 1873இல் அப்படைப்பிரிவு கலைக்கப்பட்டபின், முகாம்களைச் சார்ந்து வளர்ந்த அவர்களது எழுத்து மரபும் மெல்லத் தளர்ந்தது. அறபு எழுத்தில் மலாயை எழுதும் முறையை அவர்கள் குண்டுல் என்பர். நமது அறபுத் தமிழின் உடன்பிறப்பு அது. 1869இல் பாபா யூனுஸ் சல்தீன் கொழும்பில் தொடங்கிய ‘அலாமத் லங்காபுரி’ அவ்வெழுத்திலேயே கல்லச்சில் வந்தது. சிங்கப்பூரின் ‘ஜாவி பெரானக்கான்’ பிறந்தது 1876இல்தான். (சித்திலெவ்வையைக் கொண்டாடும் நாம் சல்தீனை ஏன் மறந்தோம்?)

பி.ஏ. ஹுஸைன்மியா இம்மரபின் வரலாற்றை எழுதினார். ரோனித் ரிச்சி, பிரித்தானிய நூலகத்தின் அருகிவரும் ஆவணத் திட்டத்தின் கீழ், வீடுகளிலிருந்த கையெழுத்துப் பிரதிகளை எண்ணிமப்படுத்தச் செய்தார். இது தொழில்நுட்பத்தின் கொடை, மறுப்பதற்கில்லை. ஆயினும் குண்டுல் வாசிக்கத் தெரிந்தோர் மிகச் சிலரே. படம் மிஞ்சியது, வாசகன் மிஞ்சவில்லை. 2023 ஒக்டோபரில் அந்நூலகத்தின் கணினிகள் தாக்கப்பட்டபோது படங்களும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பது புரிந்தது.

எழுத்தைவிடப் பேச்சின் நிலைதான் கவலை தருகிறது. கோலாலம்பூரில் ‘சாயா தாஹு’ என்பார்கள். அங்கே ‘நான்’ எழுவாய். நம் மலாயர் ‘செடங் தாவு’ என்கின்றனர். அப்படியே நமது ‘எனக்குத் தெரியும்’. நான்காம் வேற்றுமை இங்கே தமிழ், சிங்களப் பழக்கத்தில் விளைந்தது. வினையும் வாக்கிய இறுதிக்கு வந்துவிட்டது. மலைநாட்டு மலாயின் இந்த இலக்கணத்தை செபஸ்தியன் நோர்தொஃப் 2009இல் விரிவாக எழுதினார். கையடக்கத் தொலைபேசிக்கு இதெல்லாம் தெரியாது. மலாய் என்று தெரிவு செய்தால் அது மலேசிய மலாயைத்தான் தரும். ஏனையதைப் பிழையென்று திருத்தும். மலேசிய நாடகங்களை இணையத்தில் பார்த்து வளரும் பேரன், பாட்டியின் பேச்சைக் கொச்சை என்கிறான். அடையாளத்தைத் தேடிப் போனவன் தன் வீட்டு அடையாளத்தைக் கழற்றி வைக்கிறான். நமக்கு இது புதிதல்ல. கட்டுரைக் கொப்பிகளில் வாப்பாவும் உம்மாவும் சிவப்பு மையால் வெட்டப்பட்ட காலம் நமக்கும் இருந்தது. அதை எதிர்த்து எழுதித்தான் நமது சிறுகதை தன் மொழியைப் பெற்றது.

மலாயருக்கு அத்தகைய எழுத்து இன்று வாய்க்கவில்லை. ஆனால் எழுத்துக்கூட்டல் தேவைப்படாத ஒரு வழி, யாரும் திட்டமிடாமலே, திறந்திருக்கிறது: குரல் செய்தி. மாத்தளையில் எனக்குப் பழக்கமான ஒரு மலாய்க் குடும்பத்து மூதாட்டி, வெளிநாட்டிலுள்ள மகளுக்குச் சமையற் குறிப்பு முதல் மௌத்துச் செய்தி வரை தன் மொழியிலேயே பேசி அனுப்புகிறார். விசைப்பலகை அங்கே திருத்த முடியாது. இந்த ஒலிகளைச் சேகரித்து எழுத்தாக்குவதை நமது இலக்கிய வட்டங்கள் மலாயரோடு சேர்ந்து செய்யலாம். அறபுத் தமிழ் அறிந்த மௌலவிமார் குண்டுலைப் படிக்க அதிக காலம் எடுக்காது. தாமதிக்க முடியாத வேலை இது. அம்மூதாட்டியின் மகள் சென்ற வருடம் தொலைபேசியை மாற்றியபோது பழைய செய்திகளில் பெரும்பகுதி போய்விட்டது.