வீட்டு சர்வரில் நான்கு ஹார்ட் டிஸ்க்: பதினான்கு மாத அனுபவம்

8 டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்றைத் தொடக்கம் முதல் கடைசி வரை ஒருமுறை எழுதி நிரப்ப ஏறக்குறைய 14 மணி நேரம் ஆகிறது. எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்க இன்னொரு 14 மணி நேரம். பேட்பிளாக்ஸ் என்ற லினக்ஸ் கருவி இதையே நான்கு முறை செய்யும். ஆக ஒரு டிஸ்க்குக்கு ஐந்து நாள். புதிதாக வாங்கிய நான்கு டிஸ்க்குகளையும், அவற்றில் ஒரு படத்தைக்கூட ஏற்றுவதற்கு முன், அப்படி ஐந்து நாள் ஓடவிட்டேன்.

மூன்று தேறின. நான்காவதில் மூன்றாம் நாள் இரவு, படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களின் எண்ணிக்கை சுழியத்திலிருந்து எட்டுக்குத் தாவியது. விடிவதற்குள் இருபத்து நான்கு ஆகிவிட்டது. அந்த டிஸ்க் வந்து சேர்ந்த விதமே எனக்கு உறுத்தலாக இருந்தது. ஒரே ஒரு சுற்று பபிள் ராப். பெரிய அட்டைப்பெட்டிக்குள் டிஸ்க் இங்குமங்கும் உருண்டுகொண்டிருந்தது. திருப்பி அனுப்பும் கெடு முடிய நான்கு நாள் மீதம் இருந்ததால் விற்றவர் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார். சோதிக்காமல் நேராக சர்வரில் பூட்டியிருந்தால், கெடு முடிந்த பிறகுதான் அது தன் நோயைச் சொல்லியிருக்கும்.

இவ்வளவு பாடு எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். 2019இல் எங்கள் வீட்டு யூ.எஸ்.பி. டிஸ்க் ஒன்று ஒரு காலையில் டிக் டிக் என்று சத்தம் போட்டு நின்றுபோனது. தங்கையின் கல்யாணப் படங்களும், பாட்டி தன் சின்ன வயது ஊரைப் பற்றிச் சொல்லச் சொல்ல நான் பதிவுசெய்த மூன்று மணி நேரப் பேச்சும் அதில் இருந்தன. மீட்டுத் தருகிறவரிடம் கொடுத்ததில் படங்களில் பாதி கிடைத்தது. பாட்டியின் குரல் கிடைக்கவில்லை. அப்போது பாட்டியும் இல்லை.

இப்போது இருக்கும் சர்வர் பழைய டெஸ்க்டாப் ஒன்றில் கட்டியது. 16 ஜிபி ராம், ட்ரூநாஸ் மென்பொருள், நான்கு 8 டெராபைட் டிஸ்க்குகள். இரண்டிரண்டாக மிரர், அதாவது ஜோடியில் ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே எழுதப்படும். நான்கில் இரண்டு வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் பிளஸ், இரண்டு சீகேட்டின் ஐயன்வுல்ஃப். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு ரெட் பிளஸ், ஒரு ஐயன்வுல்ஃப் என்று வேண்டுமென்றே கலந்து போட்டேன். ஒரே நாளில், ஒரே தொகுப்பில் செய்யப்பட்ட இரண்டு டிஸ்க்குகளுக்கு ஒரே குறை இருக்கலாம். இரண்டும் அடுத்தடுத்த வாரத்தில் படுத்தால் மிரர் இருந்தும் பயனில்லை.

கடைக்குப் போனால் முதலில் காதில் விழும் கேள்வி, எந்தக் கம்பெனி நல்லது என்பது. அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது என்பதைச் சரித்திரம் காட்டுகிறது. 2000, 2001ஆம் ஆண்டுகளில் ஐ.பி.எம். விற்ற டெஸ்க்ஸ்டார் 75ஜிஎக்ஸ்பி என்ற மாடல் அடிக்கடி பழுதாகி, டெத்ஸ்டார் என்று பட்டப்பெயர் வாங்கியது. அந்த ஹார்ட் டிஸ்க் பிரிவைப் பிறகு ஹிட்டாச்சி வாங்கியது; அதன் வழிவந்த ஹெச்.ஜி.எஸ்.டி.யை 2012இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் வாங்கியது. பெயர் கெட்டுப்போன அதே மரபில் வந்த ஹெச்.ஜி.எஸ்.டி. டிஸ்க்குகள்தான் பின்னாளில் பேக்பிளேஸ் என்ற அமெரிக்க பேக்கப் நிறுவனம் வெளியிட்ட பழுதுக் கணக்குகளில் மிகக் குறைவாகப் பழுதானவற்றின் வரிசையில் நின்றன. சீகேட்டின் கதையும் இதுவே. அதன் 3 டெராபைட் மாடலான எஸ்டி3000டிஎம்001 பேக்பிளேஸின் கூடங்களில் கொத்துக் கொத்தாகச் செத்தது. 2016இல் அமெரிக்காவில் அதற்காக வழக்கே போட்டார்கள். அதே கம்பெனியின் 4 டெராபைட் மாடல் அதே கூடங்களில் ஆயிரக்கணக்கில் பல வருடம் உழைத்தது. ஆகவே பார்க்க வேண்டியது மாடல் நம்பர். பெட்டியில் பெரிதாக அச்சிட்ட பெயருக்குக் கீழே, பொடி எழுத்தில் இருக்கும் அந்த நம்பர்.

அந்த பேக்பிளேஸ் இலட்சக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டி, 2013இலிருந்து எது எவ்வளவு பழுதாகிறது என்று தினக்கணக்கு எழுதி, அதைப் பொதுவில் வைக்கிறது. 2021 முதல் 2024 வரை அதன் மொத்த ஆண்டுப் பழுது விகிதம் ஒன்றுக்கும் ஒன்றே முக்காலுக்கும் இடைப்பட்ட சதவீதம். ஒன்றரை என்று வைத்துக்கொண்டு என் வீட்டுக்குக் கணக்குப் போட்டேன். நான்கு டிஸ்க், ஐந்து வருடம் என்றால், ஒன்றாவது பழுதாவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு இருபத்தாறு. பெட்டியில் போட்டிருக்கும் 10 இலட்சம் மணி நேரம் என்ற எண்ணைப் பார்த்து, 114 வருடம் ஓடும் என்று யாரும் எண்ண வேண்டாம். ஆயிரம் டிஸ்க் ஓடினால் வருடத்துக்கு ஒன்பது பழுதாகும் என்பதுதான் அதற்குப் பொருள்.

மாடல் நம்பரில் முதலில் தேட வேண்டியது சி.எம்.ஆரா எஸ்.எம்.ஆரா என்பதை. ஓட்டு வீட்டுக் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். சி.எம்.ஆர். டிஸ்க்கில் தகவல் எழுதும் தடங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் பக்கம் பக்கமாக இருக்கும்; எஸ்.எம்.ஆர். டிஸ்க்கில் அவை ஓடு வேய்ந்தது போல ஒன்றன் மேல் ஒன்று சற்றே ஏறி நிற்கும். அதே இடத்தில் கூடுதலாக எழுதலாம், விலையும் குறையும். ஆனால் நடுவில் ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமானால் அதன் மேல் படிந்த வரிசையையெல்லாம் பிரித்து மறுபடி வேய வேண்டும். எப்போதாவது படம் ஏற்றி வைக்கும் யூ.எஸ்.பி. டிஸ்க்குக்கு இது பரவாயில்லை. சர்வரில் ஒரு டிஸ்க் பழுதாகி, புதியதை வைத்துத் தகவலை மறுகட்டுமானம் செய்யும்போதுதான் வினை. 2020 ஏப்ரலில், தன் சர்வர் வரிசையான ரெட் டிஸ்க்குகளில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில மாடல்கள் எஸ்.எம்.ஆர். என்பதை வெஸ்டர்ன் டிஜிட்டல் ஒப்புக்கொண்டது. அதுவரை பெட்டியிலோ விவரத்தாளிலோ அந்தத் தகவல் இல்லை. அதே வருடம் சர்வ் த ஹோம் என்ற தளம் அப்படிப்பட்ட 4 டெராபைட் டிஸ்க் ஒன்றை, ட்ரூநாஸ் பயன்படுத்தும் இசட்.எஃப்.எஸ். என்ற கோப்பு முறைமையின் மறுகட்டுமானத்தில் ஓட்டிப் பார்த்தது. மற்ற டிஸ்க்குகள் ஒரு நாளுக்குள் முடித்த வேலைக்கு அது ஒன்பது நாளுக்கு மேல் எடுத்தது. அந்த ஒன்பது நாளும் உங்கள் தகவல் மிச்சமிருக்கும் ஒற்றை டிஸ்க்கை நம்பி நிற்கும்.

அந்தக் களேபரத்துக்குப் பிறகு பெயர்கள் பிரிந்தன. வெறும் ரெட் என்றால் எஸ்.எம்.ஆர்.; ரெட் பிளஸ், ரெட் புரோ இரண்டும் சி.எம்.ஆர். ஐயன்வுல்ஃப் வரிசை முழுக்க சி.எம்.ஆர். தோஷிபா என்300ஐயும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம். சீகேட் பாரகுடா 4, 8 டெராபைட் மாடல்கள் விலை குறைவாகக் கண்ணைப் பறிக்கும், அவை எஸ்.எம்.ஆர்., சர்வருக்கு வேண்டாம்.

சர்வருக்கென்று விற்கும் டிஸ்க்கில் இன்னொரு குணமும் உண்டு. ஒரு செக்டரைப் படிக்க முடியாவிட்டால் சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் விடாப்பிடியாக ஒரு நிமிடத்துக்கு மேலும் முயன்றுகொண்டிருக்கும். லினக்ஸோ முப்பது நொடி பார்த்துவிட்டு டிஸ்க்கைக் காணோம் என்று முடிவுகட்டும். சர்வர் டிஸ்க் சுமார் ஏழு நொடியில், இதை என்னால் படிக்க முடியவில்லை என்று ஒப்புக்கொண்டுவிடும். மிரரில் இருக்கும் மறுபாதியிலிருந்து தகவலை எடுத்துக்கொள்ளலாம். கொடுக்கிற கூடுதல் காசு இதற்குத்தான்.

சரி, பதினான்கு மாதம் எப்படிப் போனது? முதல் இரண்டு மாதம் சர்வரைப் படுக்கையறை அலமாரியின் மேல் வைத்திருந்தேன். ரெட் பிளஸ் நிமிடத்துக்கு 5640 சுற்று. இரவில் காது கொடுத்துக் கேட்டால்தான் தெரியும். என்னிடமுள்ள ஐயன்வுல்ஃப் 7200 சுற்று. அதன் தலை இடம் மாறும்போதெல்லாம் கடகடவென்று ஒலி மரப்பலகை வழியாக இறங்கியது. அம்மாவுக்குத் தூக்கம் கெட்டதும் மாடிப்படிக்குக் கீழே மாற்றி, அடியில் ரப்பர் பட்டை வைத்தேன். அந்தச் சத்தம் பழுதின் அடையாளமல்ல, ஆனால் ஒற்றை அறை வீட்டில் அது பெரிய விஷயம். வேகத்தில் ஐயன்வுல்ஃபுக்கு ஆதாயம் ஏதும் தெரியவில்லை. வீட்டு நெட்வொர்க் ஒரு கிகாபிட் என்றால் நொடிக்கு 110 மெகாபைட்டுக்குச் சற்று மேல்தான் கம்பியில் போகும். இரண்டு டிஸ்க்குமே அதைத் தாராளமாகத் தரும். 7200 சுற்றுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வீட்டில் காரணமே இல்லை.

சூட்டுக்கு நான் மிகவும் பயந்தேன். மே மாத மதியத்தில், அறையில் 36 டிகிரி இருக்கும்போது ரெட் பிளஸ் 43, ஐயன்வுல்ஃப் 48 காட்டின. முன்பக்கம் ஒரு 120 மில்லிமீட்டர் விசிறி சேர்த்ததும் இரண்டும் நான்கு டிகிரி இறங்கின. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து கூகுள் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட கட்டுரை, வெப்பத்துக்கும் பழுதுக்கும் உள்ள தொடர்பு எல்லோரும் நினைத்ததைவிடக் குறைவு என்றது. மிக அதிகச் சூட்டில்தான், அதுவும் வயதான டிஸ்க்குகளில்தான் அது தெளிவாகத் தெரிந்தது. அதைப் படித்த பிறகு நிம்மதியாக இருக்கிறேன். மின்தடைதான் எனக்குப் பெரிய எதிரியாக இருந்தது. கரண்ட் போய்ப் போய் வரும் நாட்களில், ஒவ்வொரு முறையும் தலை அவசரமாக ஒதுங்கியதை டிஸ்க்கே எண்ணி வைக்கிறது. யூ.பி.எஸ். வாங்கி, மின்சாரம் போய் ஐந்து நிமிடத்தில் சர்வர் தானாக அணையும்படி செய்த பிறகு அந்த எண் நகரவில்லை.

மாதம் ஒருமுறை இசட்.எஃப்.எஸ். எல்லாத் தகவலையும் படித்துச் சரிபார்க்கிறது. டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே எழுதி வைக்கும் ஸ்மார்ட் எண்களை வாரம் ஒருமுறை பார்க்கிறேன். 5, 187, 197, 198 என்ற வரிசை எண் கொண்ட நான்கும் சுழியத்தில் இருக்க வேண்டும். 199 மட்டும் ஏறினால் டிஸ்க்கைக் குறை சொல்லாமல் முதலில் சாட்டா கேபிளை மாற்றுங்கள். எனக்கு ஒருமுறை அப்படித்தான் சரியானது. இந்த எண்களை முழுக்க நம்பவும் கூடாது. அதே கூகுள் ஆய்வில், மேற்பரப்பைத் துழாவும்போது முதல் பிழை காட்டிய டிஸ்க், பிழையில்லாததைவிட 39 மடங்கு அதிகமாக அடுத்த அறுபது நாளில் பழுதானது. ஆனால் பழுதான டிஸ்க்குகளில் பாதிக்கு மேல், அந்த ஆய்வு முக்கியமெனக் கண்ட நான்கு எண்களிலும் எந்த அறிகுறியும் காட்டாமலே போயின. எண் ஏறினால் மாற்றிவிட வேண்டும். ஏறவில்லை என்பதற்காக உறங்கிவிட முடியாது.

வாங்கும் இடம் பற்றி ஒரு வார்த்தை. ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், சீரியல் நம்பரைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு, வாரண்டி இந்தியாவில் செல்லுமா, எந்தத் தேதி வரை என்று பாருங்கள். ரெட் பிளஸுக்கும் ஐயன்வுல்ஃபுக்கும் 3 ஆண்டு, புரோ வரிசைகளுக்கு 5 ஆண்டு. பெட்டியைத் திறந்ததும் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கைப் பாருங்கள். இதிலும் ஏமாற்று உண்டு. 2025 ஜனவரியில் ஜெர்மனியின் ஹைஸ செய்தித் தளம், பல்லாயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகள் ஓட்டக் கணக்கு அழிக்கப்பட்டுப் புதியவையாக விற்கப்பட்டதை வெளிப்படுத்தியது. ஸ்மார்ட் கணக்கு சுழியம் காட்டிய அவற்றில், ஃபார்ம் என்ற இன்னொரு பதிவேடு உண்மையைச் சொன்னது. ஸ்மார்ட்சிடிஎல் கருவியின் 7.4 முதலான பதிப்புகளில் அதையும் படிக்கலாம். சீகேட் வாங்குகிறவர்கள் இரண்டு கணக்கையும் ஒப்பிட்ட பிறகே பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

என் தீர்ப்பு: மனிதர்கள் தூங்கும் அறைக்கு அருகில் வைப்பதானால் 8 டெராபைட் ரெட் பிளஸ். தனியிடம் இருந்து, விலையும் குறைவாகக் கிடைத்தால் ஐயன்வுல்ஃப். இரண்டு ஜோடி வாங்கினால் என்னைப் போலக் கலந்து வாங்குங்கள். புரோ மாடலுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் ஐந்தாவதாக ஒரு டிஸ்க் வாங்கி, முழுப் பிரதி எடுத்து, வேறு வீட்டில் வையுங்கள். என்னுடையது அண்ணன் வீட்டு பீரோவில் இருக்கிறது; மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொண்டுவந்து புதுப்பிக்கிறேன். மிரரில் தவறுதலாக அழித்த கோப்பு இரண்டு பக்கமும் ஒரே நொடியில் அழியும். பீரோவில் இருப்பது அழியாது.

சர்வர் கட்டுவது அடுத்த மாதமோ அடுத்த வருடமோ ஆகட்டும். உங்கள் மேசை இழுப்பறையில் ஒரு பழைய யூ.எஸ்.பி. டிஸ்க் இருக்கும், அதில் இருப்பது வேறெங்கும் இருக்காது. இன்று இரவே அதற்கு இன்னொரு பிரதி எடுத்துவிடுங்கள்.