நரேன் கார்த்திகேயனின் பந்தய வாழ்வை ரசிப்பது எப்படி

கார்ப் பந்தய வீரர் ஒருவரின் பெருமையை அவர் வென்ற கோப்பைகளை எண்ணிச் சொல்வது வழக்கம். எனினும் ஒரே வகைக் காரில் நிலைத்திருக்காமல் வண்டிக்கு வண்டி, நாட்டுக்கு நாடு மாறி ஓட்டியவரை அந்தக் கணக்கு முழுமையாகக் காட்டுவதில்லை. இந்தியாவிலிருந்து ஃபார்முலா 1 பந்தயத்துக்குச் சென்ற முதல் வீரரான கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் அத்தகையவர்.

சாயல்குடி, கடலாடி, கமுதி வட்டாரங்களில் மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்துப் பழகிய ராமநாதபுரத்து வாசகருக்கு இந்த ரசனைக்கான அடித்தளம் ஏற்கெனவே உண்டு. பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு எனப் பிரித்தே அங்கு வண்டிகள் விடப்படுகின்றன. மாட்டை எங்கே அடக்கி வைத்து எங்கே விரட்டுகிறார் என்பதைக் கொண்டே சாரதி மதிக்கப்படுகிறார். கார்ப் பந்தயத்திலும் கவனிக்க வேண்டியது இதுவே.

2005-இல் ஜோர்டான் அணிக்காக நரேன் ஓட்டிய ஃபார்முலா 1 கார், ஓட்டுநரையும் சேர்த்து ஏறத்தாழ 600 கிலோ எடை கொண்டது. அதன் இறக்கைகள் காற்றின் விசையால் காரைத் தரையோடு அழுத்துவதால், வேகம் கூடக் கூடச் சக்கரங்களின் பிடிப்பும் கூடும். ஆகவே நேர்ச்சாலையின் முடிவில் ஓட்டுநர் பிரேக்கை முழு வலிமையுடன் மிதித்துவிட்டு, வேகம் குறையக் குறைய அழுத்தத்தையும் தளர்த்துகிறார். 2010 மார்ச்சில் அமெரிக்காவின் மார்ட்டின்ஸ்வில் களத்தில், நாஸ்கார் அமைப்பின் டிரக் பந்தயத்தில் அவர் இறங்கியபோது இந்தப் பழக்கம் அவருக்கு அதிகம் உதவியிருக்க முடியாது. அந்த வண்டியின் எடை 1,500 கிலோவுக்கும் மேல். கியரைக் கையால் கம்பியை அசைத்து மாற்ற வேண்டும். சுற்று ஒன்றுக்கு ஏறத்தாழ 850 மீட்டரே நீளமுள்ள அந்தக் களத்தில் 250 சுற்றுகள் ஓட வேண்டியிருப்பதால், பிரேக் சூடேறிச் செயலிழக்காதபடி தொடக்கத்திலிருந்தே அதைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும். ஃபார்முலா 1-இல் பந்தயத்தையே முடித்துவிடக்கூடிய உரசல் இங்கு அன்றாட நிகழ்வு. இத்தனையும் புதிதாயிருந்த முதல் பந்தயத்தில் அவர் பெற்ற 13-ஆம் இடம், இக்கட்டுரையின் கணிப்பில், அவர் வாழ்வின் மிகச் சிறந்த சாதனைகளுள் ஒன்று.

பலரும் நினைவில் வைத்திருப்பது 2005 இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் கிடைத்த நான்காம் இடத்தையே. டயர் பாதுகாப்புச் சிக்கலால் மிச்செலின் டயர் பூட்டிய கார்கள் அனைத்தும் விலகிக்கொள்ள, ஆறு கார்கள் மட்டுமே ஓடிய பந்தயம் அது. அந்த நான்காம் இடத்தை இகழவும் வேண்டாம், அளவுக்கு மீறிக் கொண்டாடவும் வேண்டாம். ஃபார்முலா 1-இல் காரின் தரமே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிப்பதால், ஒரே அணியின் ஒரே வகைக் காரை ஓட்டும் சக வீரருடன் ஒப்பிடுவதே நேர்மையான அளவுகோல். 2011 அக்டோபர் 30 அன்று கிரேட்டர் நொய்டாவில் நடந்த முதல் இந்திய கிராண்ட் பிரீயில், பின்தங்கிய ஹெச்.ஆர்.டி. அணியின் காரில் நரேன் 17-ஆவதாக வந்தார். அவருக்குப் பின்னால் 18-ஆவதாக வந்த சக வீரர், பிற்காலத்தில் எட்டு கிராண்ட் பிரீக்களை வென்ற டேனியல் ரிக்கார்டோ. அந்த 17-ஐ இவ்வாறுதான் படிக்க வேண்டும்.

இண்டியானாபொலிஸ் 500, டேட்டோனா 500 என்னும் அமெரிக்கப் பந்தயங்கள், ஃபார்முலா 1 உலகப் பட்டம் ஆகிய மூன்றையும் வெவ்வேறு வகைக் கார்களில் வென்ற அமெரிக்க வீரர் மரியோ ஆண்ட்ரெட்டியின் வெற்றிகளுக்கு நரேனின் வெற்றிகள் ஈடாகா. ஆயினும் வண்டி மாறும்போது கையையும் காலையும் மாற்றிக்கொள்ளும் துணிவில் இருவரும் ஓரினத்தவர். ஆசிய ஃபார்முலா பட்டம் (1996), நாடுகளுக்கிடையிலான ஏ1 தொடரில் சீனாவின் ஜூஹாய் களத்தில் பெற்ற வெற்றி (2007) ஆகியவை நரேனின் ஒற்றை இருக்கைக் கார்த் திறனைக் காட்டுவன.

முழுப் பந்தயம் ஒன்றைப் பார்த்து ரசிக்க விரும்புவோர் 2019 நவம்பரில் ஜப்பானின் ஃபூஜி களத்தில் ஜெர்மானிய, ஜப்பானியக் கார்கள் ஒன்றாக ஓடிய போட்டியின் இரண்டாம் பந்தயத்தைத் தேர்ந்துகொள்ளலாம். கூரையுள்ள ஹோண்டா காரில், தம் 42-ஆம் வயதில் நரேன் வென்ற பந்தயம் அது. விபத்தின்போது கார்களை மெதுவாக வழிநடத்தும் பாதுகாப்புக் கார் விலகிப் பந்தயம் மீண்டும் தொடங்கும் தருணங்களில், முதல் வளைவுக்கு முன் ஒவ்வொருவரும் எவ்வளவு தாமதமாகப் பிரேக்கை மிதிக்கிறார்கள் என்பதைக் கவனித்து வந்தால், முந்துவதும் முந்தவிடாமல் தடுப்பதும் எப்படி நிகழ்கின்றன என்பது விளங்கும்.